வயலின் வர்ற இடம்

நான் பொய் சொல்லல தம்பி. மொதல்ல அதச் சொல்லிடுதேன். பொறவு நீங்க கேட்டுட்டு என்ன வேணாலும் சொல்லுங்க.

கால மட்டும் கொஞ்சம் அந்தப் பக்கம் வச்சுக்கோங்க, பெட்டில பட்டுரும். கீபோர்டுதான். மேல வைக்கலாமேன்னு கண்டக்டரும் சொன்னாரு. மேல வச்சா பஸ்ஸு ஒவ்வொரு குழியில இறங்குதப்பவும் என் உசுரு போயிட்டுப் போயிட்டு வரும். மடியிலயே இருக்கட்டும்.

நீங்க காதுல மாட்டிட்டு இருந்தீங்க பாருங்க, அதான் பேச்சுக் குடுத்தேன். என்ன பாட்டு? சினிமாவா. சரி சரி, நல்லது. நாங்களும் ஊர் ஊராப் போயி அதத்தான் வாசிக்கோம். சப்தஜாலம் இன்னிசைக் குழு, தென்காசி. கேள்விப்பட்டதில்லையா? பரவால்ல. கோயில் கொடை, திருவிழான்னா எங்க கச்சேரி இருக்கும். சொக்கலிங்க அண்ணாச்சிதான் குழு நடத்துதாரு. நான் கீபோர்டு.

ஆனா நான் சொல்ல வந்தது சினிமாப் பாட்டு இல்ல. நாங்க சின்னப் பிள்ளையில டி.வி.ல சொருகி ஆடுத கேம் ஒண்ணு உண்டு. மஞ்சக் கலர்ல கேசட்டு இருக்கும், ஊதி ஊதிச் சொருகணும். நீங்க பாத்திருக்க மாட்டீங்க. அதுல ஒரு விளையாட்டு. ஒரு குட்டிப் பய கையில வேலோட குகைக்குள்ள போவான். கடைசி ஸ்டேஜ்ல பெரிய பாம்பு வரும். பாம்பு வந்ததும் ஒரு மியூசிக் வரும் பாருங்க... இப்ப நினைச்சாலும் புல்லரிக்குது. அந்த டப்பாவுக்கு மொத்தமே நாலு சத்தந்தான். ரெண்டு பீப்பி, ஒரு தடிச்ச குரல், அப்புறம் 'உஸ்ஸு'ன்னு ஒரு இரைச்சல். அந்த நாலுக்குள்ள யாரோ ஒரு மனுசன், சப்பான்லயோ எங்கயோ ஒக்காந்து, ஒரு பெரும்படையவே அடக்கி வச்சிருக்கான்.

மத்த பயலுவல்லாம் பாம்ப அடிப்பானுவ. நான் அடிக்க மாட்டேன். சும்மா இங்கிட்டும் அங்கிட்டும் ஓடிட்டே இருப்பேன். பாம்பு செத்தா பாட்டு நின்னுரும்லா? நாம செத்தாலும் நின்னுரும். ரெண்டும் நடக்காத வரைக்கும் அது சுத்திச் சுத்தி வந்துட்டே இருக்கும். அதுக்கு முடிவுன்னு ஒண்ணு கிடையாது. கோட்டிக்காரப் பயன்னு எங்கம்மா வைவா.

இந்த மாதிரிப் பழைய கேம் மியூசிக்க எடுத்து, நெசமான வயலின், எலெக்ட்ரிக் கிதாரு, டிரம்ஸுன்னு வச்சு, பெருசா வாசிச்சு நெட்டுல போடுதவங்க உலகம் பூரா இருக்காவ, தெரியுமா? யாரும் கேக்கல, யாரும் குடுக்கல, ஆசைக்குச் செய்யுதாவ. நானும் செஞ்சேன். பாளையங்கோட்டை சர்ச்சுல வயலின் வாசிக்க ரெண்டு டீச்சருங்களக் கெஞ்சிக் கூத்தாடி வாசிக்க வச்சு, பதிஞ்சு, இந்தப் பெட்டிக்குள்ள ஏத்தி வச்சிருக்கேன். கிதாரு எங்க குழுவுல ஜோயல். டிரம்ஸு இசக்கி. எங்க இசக்கி கை விழுந்தா செவுரு அதிரும்.

எல்லாத்தையும் விட முக்கியம் அந்த வயலின் தம்பி. மூணாவது சுத்துல கிதாரு, டிரம்ஸு எல்லாம் அடங்கிரும். வயலின் மட்டும் தனியா ஏறும். நீளமா ஒரு சொரம், பொறவு சின்னதா ரெண்டு. அவ்வளவுதான். அது சப்பான்காரன் மெட்டுல கிடையாது. நான் போட்டது. மத்ததெல்லாம் அவன் சொத்து, இந்த மூணு சொரம் மட்டும் என்னோடது. நெட்டுல போட்டேன். யாரோ பிரேசில்காரன் 'கிதார் பிரமாதம்'னு எழுதியிருந்தான். வயலினப் பத்தி ஒருத்தனும் ஒரு வார்த்தை எழுதல.

சரி, விசயத்துக்கு வாரேன். போன வருசத்துக்கு முந்தின வருசம் குமிழங்குளத்துல காளியம்மன் கொடை. கச்சேரி ஆரம்பிக்கும் முன்ன, கூட்டம் வந்து ஒக்காரட்டும்னு பாட்டில்லாம ஒரு மியூசிக் வாசிப்போம். பொறவுதான் பிள்ளையார் பாட்டு. அது எல்லாக் குழுவுலயும் உள்ள வழக்கம். அன்னைக்கு நான் சொக்கலிங்க அண்ணாச்சி கையப் பிடிச்சிட்டேன். 'அண்ணாச்சி, ஒரே ஒரு தடவ நம்ம பாம்பு மியூசிக்க வாசிச்சிருவோம்'னேன். 'என்ன எழவையாவது வாசியும்வே, பிள்ளையார் பாட்டுக்கு முன்ன முடிச்சிரும்'னுட்டாரு.

பொழுது அடையுத நேரம். ஆரம்பிச்சோம். ஜோயல் கிதார இழுத்தான் பாருங்க, மைக்செட்டே அலறிட்டு. இசக்கி உள்ள வந்தான். ரெண்டாம் சுத்து முடியப்போகுது, வயலினுக்கு நான் கைய வைக்கப் போறேன், பொம்பளைகள் பக்கத்துல இருந்து 'ஏய்ய்ய்'னு ஒரு சத்தம். பாத்தா ஒரு அக்கா, தலைய விரிச்சுப் போட்டுட்டு ஆடிட்டு வாராவ. கூட்டம் ரெண்டாப் பிளந்து வழி விடுது. சந்தனமாரி அக்கான்னு பேரு, அது பொறவுதான் எனக்குத் தெரியும். உடனே சுத்தி நின்ன பொம்பளைகள் குலவை போட்டாவ. எப்படிக் குலவை! என் வயலின் அப்பத்தான் ஏறுது. ஒரு துளி வெளிய கேக்கல தம்பி. ஒரு துளி.

நான் நிறுத்தலாம்னு பாத்தேன். இசக்கி பின்னால இருந்து கத்துதான், 'நிறுத்திராதேயும்வே, சாமி வந்திருக்கு, இப்ப நிறுத்துனா ஆகாது'ன்னு. அதுவும் வழக்கந்தான். சாமி வந்து ஆடும்போது கொட்ட நிறுத்தக் கூடாது, சாமி மலையேறுத வரைக்கும் அடிக்கணும். மத்த பாட்டா இருந்தா திண்டாடிப் போயிருப்போம். இதுக்குத்தான் முடிவே கிடையாதே! சுத்திச் சுத்தி வாசிச்சோம். ஒவ்வொரு மூணாம் சுத்துலயும் வயலின் வருது, ஒவ்வொரு மூணாம் சுத்துலயும் குலவை. எனக்கு அழுகையே வந்துட்டு.

அந்த அக்கா ஆடிட்டே நேராப் போயி ஒரு ஆள் முன்னால நின்னாவ. பலவேசம்னு அவிய வீட்டுக்காரரு. அவரு முன்னால இந்தம்மா ஒரு நாளும் வாயத் தொறந்து பேசினது இல்லையாம், அப்படி ஒரு வாயில்லாப் பூச்சி. அன்னைக்கு அவரு நெஞ்சுல வெரல வச்சுக் கேட்டாவ பாருங்க, 'எம் பிள்ளைய மறுபடி அந்த வீட்டு வாசல மிதிக்க விடுவியா? விடுவியா?' மனுசன் கையெடுத்துக் கும்பிட்டு 'விட மாட்டேன் தாயே, விட மாட்டேன்'னு நடுங்குதாரு. பூசாரி துண்ணூறு போட்டாரு. சாமி மலையேறிட்டு. நாங்க பிள்ளையார் பாட்டுக்குப் போயிட்டோம்.

அவியளுக்கு ஒரு பொண்ணு, செண்பகம். கெட்டிக்குடுத்து, மாப்பிள்ளை வீட்ல அடி தாங்காம வந்து இருக்காளாம். திரும்பக் கூட்டிட்டுப் போக மாப்பிள்ளை வீட்டு ஆளுக அன்னைக்கு வந்திருந்தாவளாம். சாமியே சொன்ன பொறவு யாரு என்ன பேச முடியும்? வந்த வழியே போயிட்டாவ. இதெல்லாம் எனக்கு இசக்கி சொல்லித்தான் தெரியும், அவனுக்கு அந்த ஊருல சொந்தக்காரங்க உண்டு. என் கவலை எனக்கு. வயலின் கேக்கலையேன்னு நான் பஸ்ஸுல பூரா புலம்பிட்டே வந்தேன்.

மறு வருசமும் அதே ஊருல எங்களத்தான் கூப்பிட்டாவ. 'போன தடவ வாசிச்ச அந்த அம்மன் மியூசிக் கண்டிப்பா வேணும்'னு கமிட்டில சொல்லிட்டாவ. அம்மன் மியூசிக்! கேட்டீங்களா கூத்த? எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. இது அம்மன் மியூசிக் இல்ல, இது இன்ன கேமு, இன்ன ஸ்டேஜுன்னு சொல்லணும்னு வாயி வரைக்கும் வந்துட்டு. சொக்கலிங்க அண்ணாச்சி என் கையப் பிடிச்சு நசுக்குனாரு. 'வாய மூடிட்டு இரும்வே.' இருந்தேன்.

அந்தத் தடவ கச்சேரிக்கு முன்ன செண்பகந்தான் எங்களுக்குச் சாயா கொண்டாந்து குடுத்தா. நல்ல வெயில் நாளு, முழுக்கை வச்சு ஒரு சட்டை போட்டுருந்தா. இந்த வேக்காட்டுல எதுக்கும்மா இதுன்னு கேட்டேன். சிரிச்சுட்டே கைய இழுத்து விட்டுக்கிட்டா. போறப்போ என்கிட்ட மட்டும் வந்து, 'அண்ணே, இந்தத் தடவையும் அந்த மியூசிக்தான? அத மட்டும் விட்டுராதீங்கண்ணே'ன்னா. எனக்கு எம்புட்டு சந்தோசம் தெரியுமா! ஒரு ரசிகையாவது கிடைச்சாளேன்னு. 'வயலின் வர்ற இடத்தக் கவனிச்சுக் கேளும்மா'ன்னு சொன்னேன். சரிண்ணே, சரிண்ணேன்னுட்டுப் போனா.

வாசிச்சோம். சாமி வந்துச்சு. குலவை போட்டாவ. வயலின் போச்சு. சாமி மறுபடியும் அதையே சொல்லிச்சு, அனுப்பாதேன்னு. பலவேசம் மறுபடியும் கும்பிட்டாரு. எல்லாம் அதேமாதிரி.

கச்சேரி முடிஞ்சு ஒயரச் சுருட்டிட்டு இருக்கேன், ஒரு பையன் வந்தான். டிப்டாப்பா இருந்தான், பெங்களூர்ல கம்ப்யூட்டர் வேலையாம், சுதர்சன்னு பேரு. 'அண்ணே, தப்பா நினைச்சுக்காதீங்க, மொதல்ல வாசிச்சீங்கள்ல, அது அந்தக் குகை கேமு கடைசி ஸ்டேஜ் மியூசிக்தான?' அப்படின்னான்.

தம்பி, எனக்குக் கண்ணு கலங்கிட்டு. ரெண்டு வருசமா மேடையில வாசிக்கேன், ஒருத்தன், ஒரே ஒருத்தன் கண்டுபிடிச்சிட்டானே! அவனக் கட்டிப் பிடிச்சுட்டேன். ஒக்கார வச்சு எல்லாத்தையும் சொன்னேன். நாலு சத்தத்துல இருந்து இதை எப்படி விரிச்சேன், அந்த 'உஸ்ஸு'தான் இசக்கி டிரம்ஸு, தடிச்ச குரல்தான் பேஸ் கிதாரு, எல்லாம். அவனும் ஆர்வமாக் கேட்டான். 'வயலின் கேட்டீங்களா?'ன்னேன். 'குலவைல கேக்கலண்ணே, அனுப்புங்களேன்'னான். கேமுல உள்ள பழசையும், என்னோடதையும், ரெண்டையும் அவன் போனுக்கு அங்ஙனயே அனுப்பி வச்சேன். யாரு, என்ன, எந்த வீட்டுப் பையன்னு கேக்கல. எதுக்குக் கேக்கணும்? மியூசிக் தெரிஞ்ச பையன், அது போதாதா?

செண்பகம் மாப்பிள்ளைக்குக் கூடப்பிறந்த தம்பியாம். அவளத் திரும்பக் கூட்டிட்டுப் போக மறுபடி வந்த ஆளுகளோட வந்தவனாம்.

மறுநாள் காலையில பஸ்ஸுக்கு நிக்கோம், ஆள் வந்து கோயிலுக்குக் கூப்பிடுதாவ. போனா ஊரே கூடி நிக்குது. சுதர்சன் நடுவுல போனத் தூக்கிப் பிடிச்சிட்டு நிக்கான். 'இது சாமி மியூசிக் இல்ல, சின்னப் பிள்ளைக விளையாடுத வீடியோ கேம் மியூசிக். இதுக்கா சாமி வரும்? நம்பலன்னா வாத்தியக்காரரையே கேளுங்க'ங்கான்.

கமிட்டித் தலைவர் என்னப் பாத்தாரு. 'ஆமாவா?'

ஆமான்னேன். நான் என்ன செய்ய, இல்லன்னு சொல்லவா? அந்த மியூசிக்க நான் எப்படி இல்லன்னு சொல்லுவேன்? அதுமட்டுமில்ல தம்பி, அத்தனை பேரு சத்தம் காட்டாம என் வாயவே பாத்துட்டு இருக்காவ. குலவை கிடையாது, ஒண்ணு கிடையாது. இத விட்டா இன்னொரு நேரம் வருமா? விளக்கமாவே சொன்னேன். பாம்பு எப்படி வரும், பாட்டு எப்படிச் சுத்தும், நான் எங்க எதச் சேத்தேன். 'வயலின் மட்டும் என்னோடது'ன்னு அதையும் நேர்மையாச் சொன்னேன். சொக்கலிங்க அண்ணாச்சி பின்னால இருந்து என் சட்டையப் பிடிச்சு இழுத்துட்டே இருந்தாரு. இன்னைக்கு வரைக்கும் அதுக்கு வைவாரு. அவரு கெடக்காரு.

பொறவு அந்தச் சுதர்சன் ஒரு காரியம் செஞ்சான். அது எனக்கே பிடிக்கலதான். கேமுல உள்ள பழைய சத்தம் இருக்குல்லா, அத போன்ல போட்டு, சந்தனமாரி அக்கா மொகத்துக்கு நேரா நீட்டி, 'வரட்டும், இப்ப வரட்டும் பாப்போம்'னான். பீப் பீப்புன்னு அது பாடுது. அந்தக்கா அசையாம நிக்காவ. ஊரு அவிய மொகத்தையே பாக்குது. ஒண்ணும் வரல. எப்படி வரும், அதுல கிதாரு இல்ல, டிரம்ஸு இல்ல, போன் ஸ்பீக்கர்ல பேஸே கேக்காது! அதையும் சொல்லலாம்னு வாயெடுத்தேன். அதுக்குள்ள யாரோ சிரிச்சாவ. ஒருத்தரு சிரிச்சதும் எல்லாரும் சிரிச்சிட்டாவ. 'நம்ம காளி வீடியோ கேம் ஆடுதா டோய்'னு ஒரு பய கத்துனான். பூசாரி தலையக் குனிஞ்சுட்டாரு.

அந்தக்கா என்னப் பாத்து, மெதுவாத்தான் கேட்டாவ. 'அப்போ எனக்கு வந்தது என்னது தம்பி?'

அது எனக்கு எப்படித் தெரியும்? நீங்களே சொல்லுங்க. நான் கீபோர்டு வாசிக்கவன். தெரியலக்கான்னேன்.

பலவேசத்துக்கு மூஞ்சி கறுத்துட்டு. ரெண்டு வருசமா பொண்டாட்டி நடிப்பப் பாத்துக் கும்பிட்டமேன்னு. அன்னைக்கு மத்தியானமே செண்பகத்தக் கார்ல ஏத்தி அனுப்பிட்டாவ. நாங்க பஸ் ஸ்டாப்புல நிக்கும்போதுதான் அந்தக் கார் போச்சு. கண்ணாடி ஏத்தியிருந்துச்சு. நான் பெட்டியத் தூக்கிட்டு நின்னேன்.

ஆனா ஒண்ணு தம்பி, அந்தப் பய காது நல்ல காது. அதச் சொல்லாம இருக்க முடியல.

இப்ப எங்க இருந்து வாரீங்கன்னு கேட்டீங்கள்ல மொதல்ல? அங்க இருந்துதான் வாரேன். குமிழங்குளத்துல இருந்துதான். ரெண்டு நாளைக்கு முன்ன இசக்கி போன் பண்ணுனான், 'சந்தனமாரி அக்கா உம்ம வரச் சொல்லுதாவ, பெட்டியோட'ன்னு. எதுக்குன்னேன். தெரியாதுன்னான். செண்பகம் கொஞ்ச நாளாப் போன எடுக்க மாட்டேங்காளாம். அந்த வீட்டுக்குப் போனா வாசல்லயே நிப்பாட்டி, நல்லா இருக்கான்னு சொல்லி அனுப்பிருதாவளாம். பலவேசம் அதுக்கு மேல கேக்கவே மாட்டேங்காராம்.

இன்னைக்குக் காலையில போனேன். அவரு சந்தைக்குப் போயிருந்தாரு. அக்கா மட்டும். என்னைய உள்ள கூப்பிட்டு, மிக்சிக்குச் சொருகுத இடத்துல ஒயரச் சொருகச் சொன்னாவ. காளி படத்துக்கு விளக்கு ஏத்தியிருந்துச்சு. குளிச்சு, மஞ்சச் சேலை கெட்டி, தலைய விரிச்சுப் போட்டுட்டு வந்து நடு வீட்ல நின்னாவ. 'வாசிங்க தம்பி'ன்னாவ. அப்பத்தான் எனக்கு விளங்குச்சு, எதுக்குக் கூப்பிட்டாவன்னு. அவரு சந்தையில இருந்து வாரப்போ சாமி மறுபடி வந்து நின்னு சொன்னா, போயி மகளக் கூட்டியாந்துருவாருன்னு நினைக்காவ. தன்னால சொல்ல முடியாது. சாமி சொல்லணும்.

வாசிச்சேன். கிதாரு, டிரம்ஸு எல்லாம் பெட்டில உள்ளத வச்சு, சத்தத்தக் கூட்டி வச்சு வாசிச்சேன். மொத சுத்து. அக்கா கண்ண மூடிட்டு நிக்காவ. ரெண்டாம் சுத்து. கையெல்லாம் கூப்பித்தான் இருக்கு. மூணாம் சுத்துல எல்லாம் அடங்கி வயலின் ஏறிச்சு. குலவை இல்ல, கூட்டம் இல்ல, அந்த வீட்ல வேற ஒரு சத்தம் இல்ல. மொத மொதலா என் வயலின் முழுசாக் கேக்குது தம்பி.

அக்கா கண்ணத் தொறந்துட்டாவ. 'ஒண்ணும் வரலையே தம்பி'ன்னாவ.

'இன்னொரு தடவ வாசிங்க'ன்னாவ. வாசிச்சேன். இன்னொரு தடவ. இன்னொரு தடவ. கொஞ்ச நேரத்துல நிக்க முடியாம தரையில ஒக்காந்துட்டாவ, அந்த விரிச்ச தலையோட. அப்புறம் சாமிக்குக் காத்திருக்க மாதிரி இல்ல, சும்மா பாட்டு கேக்கவங்க மாதிரி கேக்க ஆரம்பிச்சுட்டாவ. வயலின் வந்ததும் கையக் காட்டி, 'இந்த எடம்'னாவ. 'இந்த எடம் அவ கூப்பிடுத மாதிரியே இருக்கு. சின்னப் பிள்ளையில ஓடைக்கு அந்தப் பக்கம் நின்னுட்டு இப்படித்தான் கூப்பிடுவா. மொதல்ல நீட்டிக் கூப்பிடுவா, திரும்பிப் பாக்கலைன்னா பொறவு ரெண்டு வாட்டி சின்னதா.'

நான் அதுக்காகப் போடல தம்பி. அது வெறும் மூணு சொரம். நல்லா இருக்கட்டும்னு போட்டேன்.

'இதுக்கு முடிவு எங்க வருது?'ன்னு கேட்டாவ. முடிவு கிடையாதுக்கா, நான் எழுதலன்னேன். சரி, வாசிங்கன்னாவ. நிறுத்த எனக்குத் தைரியம் வரல. எத்தனை சுத்து போச்சுன்னு தெரியாது. திடீர்னு கரண்டு போயிட்டு. பெட்டி செத்துட்டு. அக்கா அப்படியே இருக்காவ. விளக்கு மட்டும் எரியுது. 'கரண்டு வந்ததும் திரும்ப வாசிங்க தம்பி, வந்தாலும் வருவா'ன்னாவ. சாமியச் சொன்னாவளா, மகளச் சொன்னாவளான்னு நான் கேக்கல.

பஸ்ஸுக்கு நேரமாயிட்டுக்கான்னு சொல்லிட்டு ஒயரப் பிடுங்கிட்டு வந்துட்டேன். வேற என்ன செய்ய? நான் அங்ஙனயே ஒக்காந்து வாசிச்சிட்டே இருக்க முடியுமா? வாசல் வரைக்கும் வந்தாவ. விரிச்ச தலைய இன்னும் முடியல.

உங்க ஸ்டாப்பு வந்துட்டா? ஒரு நிமிசம் இருங்க, பஸ்ஸு நிக்க இன்னும் நேரமிருக்கு. இந்தாங்க, இத ஒரு காதுல வைங்க. என் போன்ல இருக்கு. இது ரெண்டாம் சுத்து, இப்ப அடங்கும் பாருங்க, இப்ப வரும்... இந்தா. கேக்குதா? நீங்க செண்பகத்தப் பாத்தவங்க இல்ல, அந்த ஓடையும் உங்களுக்குத் தெரியாது. அதான் உங்கள்ட்ட கேக்கேன். உங்களுக்கு இது வயலினாத்தான கேக்குது? சொல்லிட்டு எறங்குங்க தம்பி. எனக்குக் காலையில இருந்து வயலினாக் கேக்க மாட்டேங்குது.